டிரைவர் பழசாயிருச்சி

யுத்தம் முடிவதற்கு முந்தின வருசம், 2008-ல் நடந்தது இது. மாத்தளை டவுனுக்கு மேலே, பஸ் ரோட்டிலிருந்து இருபது நிமிசம் ஏறி நடந்தால் எங்கள் வீடு. அப்போது நான் டவுனில் மசாலா அரைக்கிற மில் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். காலையில் போனால், பின்னேரம் மூன்று மணிக்குத் தலையெல்லாம் மிளகாய்த் தூளோடு வீட்டுக்கு வருவேன். ஆட்களோடு அதிகம் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. பேசாமல் இருப்பதால் எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே போட்டுச் சந்தேகப்படுகிற குணம் ஒன்று வந்து சேர்ந்திருந்தது. அந்த மூன்று வாரத்தில் நான் யார் யாரையெல்லாம் சந்தேகப்பட்டேன் என்று எழுதினால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அப்போது எனக்கு வரவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் லொரி டிரைவர். முப்பது வருசத்துக்கு மேல் தம்புள்ளையில் மரக்கறி ஏற்றிக் கொழும்புக்கு ஓட்டினவர். எங்கள் பக்கத்தில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. டிரைவர் என்றால் அவர்தான். கடையிலும் கோயிலிலும் என்னை டிரைவர் சம்சாரம் என்பார்கள். முந்தின வருசம் ஒருநாள் நாவுலையைத் தாண்டி வரும்போது, பக்கத்தில் இருந்த கிளீனரிடம், "ரோடு ரெண்டாத் தெரியுதுடா" என்று சொல்லியிருக்கிறார். லொரியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டுத்தான் சாய்ந்தாராம். பாரிசவாதம். உயிர் தப்பியது. வலது கையும் வலது காலும் சோர்ந்துவிட்டன, வாய் கொஞ்சம் கோணிவிட்டது.

ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற அம்மா, நோனா என்போம், ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் அமுக்கச் சொன்னார். "நான் என்ன சின்னப் புள்ளையா?" என்று இவர் அதைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார். கை அப்படியே மடியில் கிடந்தது. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட வேண்டும்.

அந்த நேரத்தில்தான் கட்டாரில் வேலை செய்கிற எங்கள் மகன் லீவில் வந்தான். போகும்போது தன்னுடைய லெப்டொப்பை அப்பாவுக்கென்று விட்டுப் போனான். அதில் லொரி ஓட்டுகிற கேம் ஒன்று போட்டுக் கொடுத்திருந்தான். வலது கைப் பக்கம் அம்புக்குறி போட்ட நாலு பட்டன். அதை அமுக்கினால் லொரி போகும், திரும்பும், நிற்கும். பந்தைத் தொடாத மனுசன் இதைத் தொட்டார். முதலில் ஒரு விரல், பிறகு இரண்டு. "இது என்ன ரோடு? இவ்வளவு தூரம் வந்தும் ஒரு டீக்கடை இல்ல!" என்று லெப்டொப்போடு சண்டை பிடிப்பார். இரண்டு மாசத்தில் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டார். நான் குசினிக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

எனக்கு அந்த மிஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது. படித்தது தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனால் எந்த மிஷினாக இருந்தாலும் அதற்குச் செய்ய வேண்டியதை நான் அறிவேன். மில்லில் அரைக்கிற மிஷினுக்குச் செய்வோம், அவர் லொரிக்கும் செய்திருக்கிறேன். தினமும் காலையில் லெப்டொப் மூடியில் மூன்று கோடு திருநீறு பூசுவேன். அதைத் திருப்பினால் வயிற்றுப் பக்கம் சல்லடை மாதிரி ஓட்டைகள் இருக்கும். போட்டிருக்கும்போது அங்கே கை வைத்தால் காற்று ஓடுவது தெரியும். அதுதான் இது மூச்சு விடுகிற இடம் என்று எண்ணி, அங்கே மட்டும் தாராளமாகவே பூசுவேன். பின்னேரம் வந்து பார்த்தால் பூசின திருநீறு இருக்காது. சாமி ஏற்றுக்கொண்டது என்று கன்னத்தில் போட்டுக்கொள்வேன். சூடு அவர் மடியில் படக்கூடாது என்று நல்ல தடிப்பான தலையணை ஒன்றை வைத்து, அதற்கு மேல் வெல்வெட் துணி விரித்து, அதற்கு மேல்தான் லெப்டொப்பை வைத்துக் கொடுப்பேன்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் மில்லிலிருந்து வந்தால், இவர் லெப்டொப்பை மூடி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இன்னைக்கு லொரி ஓடலியா?"

"ரோடு கிழியுது, புள்ள."

ரெண்டாத் தெரியுது என்று சொன்ன வாய், இப்போது கிழியுது என்கிறது.

மெதுவாகக் கேட்டேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே ரோடு நடுவில் பிய்ந்துபோகிறதாம். மரமெல்லாம் ஊசி மாதிரி வானத்துக்கு நீளுகிறதாம். சிவப்பும் பச்சையுமாகக் கடுகு கொட்டின மாதிரி புள்ளிகள் வருகிறதாம். அடுத்த நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பத்து நிமிசம் லொரி ஒழுங்காகத்தான் ஓடியது. "எங்க கிழியுது?" என்றேன். "இப்ப இல்ல" என்றார். நான் அடுப்பு மூட்டப் போனேன். கொஞ்ச நேரத்தில் மூடி சாத்துகிற சத்தம் கேட்டது. ஓடிவந்து திறக்கச் சொன்னால், "இனி வேணாம்" என்றார். என் கண்ணுக்கு அகப்படவே இல்லை.

மனசு பெரிய பயத்தை நேராகப் பார்க்காது. அதனால் முதலில் என் நாத்தனாரைச் சந்தேகப்பட்டேன். அதற்கு முந்தின வாரம்தான் கலேவெலயிலிருந்து வந்து போயிருந்தாள். "அடேயப்பா! எங்கண்ணனுக்கு அடிச்ச யோகத்தப் பாருங்க அண்ணி! கட்டில்ல சாஞ்சிக்கிட்டே லொரி ஓட்டுறாரு!" என்றாள். அந்த அடேயப்பாவை நான் அன்றைக்கே மனசில் குறித்து வைத்திருந்தேன். கண்ணூறுதான் என்று முடிவு கட்டி, திருநீற்றை இரண்டு மடங்காக்கினேன். காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம். ஆனால் முன்பு ஒரு மணித்தியாலம் ஓடின பிறகு கிழிந்த ரோடு, இப்போது அரை மணித்தியாலத்திலேயே கிழிந்தது. இவள் பார்வை இவ்வளவு கெட்டதா என்று எண்ணிக்கொண்டேன்.

கிளினிக் நாள் வந்தது. டொக்டர் தமிழ் பேசுகிறவர். பிரஷர் பார்த்தார், விரலைக் காட்டி எண்ணச் சொன்னார், கண்ணில் லைட் அடித்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "வேற எங்கயாவது அப்படித் தெரியுதா?" என்று கேட்டார். "இல்லைங்க, அதுல மட்டுந்தான்" என்றார் இவர். டொக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, கோளாறு மிஷின்லயா இவர்லயான்னு முதல்ல பாருங்க. மிஷின் நல்லா இருந்தா, அடுத்த கிளினிக்ல கண்டி பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் தாறேன். தலையை ஸ்கேன் பண்ணணும். அதுக்குள்ள வேற எங்கயாவது அப்படித் தெரிஞ்சா உடனே கூட்டிட்டு வாங்க."

வெளியே வந்ததும் இவர், "கண்டிக்குப் போனா நான் திரும்பி லொரியிலதான் வருவேன். பின்னால, பெட்டிக்குள்ள" என்றார். விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி சொன்னார். ஆனால் பஸ் ஏறும்போது என் தோளைப் பிடித்த கையை, சீட்டில் உட்கார்ந்த பிறகும் எடுக்கவில்லை.

உலகத்தில் எல்லோரும் மிஷின் நல்லா இருக்கணும் என்று வேண்டுவார்கள். அது பழுதாக இருக்கணும் என்று நான் அம்மனை வேண்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகன் கட்டாரிலிருந்து போன் எடுத்தான். அப்பாவும் கேட்கட்டும் என்று எப்போதும் போல லவுட் ஸ்பீக்கரில் போட்டேன். ஆஸ்பத்திரி விசயத்தைச் சொல்லவில்லை, அவன் அங்கே தனியாகக் கிடந்து பயப்படுவான். "தம்பி, கேம்ல ரோடு கிழியுதாம்" என்று மட்டும் சொன்னேன். அவன் சிரித்தான். லைன் விட்டுவிட்டு வந்தது.

"அம்மா, அது டிரைவர்ல தாம்மா கோளாறு. டிரைவர் பழசாயிருச்சி. வேற டிரைவர் போட்டா சரியாயிரும்."

அதோடு லைன் அறுந்துபோனது.

நான் போனைப் பார்த்தபடி நின்றேன். பெற்ற அப்பனைப் பற்றி ஒரு மகன் பேசுகிற பேச்சா? பழசாயிட்டாரு என்றுகூட இல்லை. தேய்ந்த செருப்பைச் சொல்கிற மாதிரி, பழசாயிருச்சி. திரும்பினேன். இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார்.

"அவன் சொல்றது சரிதானே, புள்ள" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து லெப்டொப்பைத் திறக்கவில்லை. வலது கையைப் போர்வைக்குள் விட்டுக்கொண்டார். ஒரு வாரத்தில் விரல்கள் மறுபடியும் மடங்கத் தொடங்கின. ஒரு காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு, பொத்தானைத் தொடாமல் என் முன்னால் வந்து நின்றார். நான் போட்டுவிட்டேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு மகன் கூப்பிட்டபோது போன் அடித்து அடித்து நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவன் மேலேயும் சந்தேகம் வந்துவிட்டது. கட்டாருக்குப் போன பிள்ளை யாருடைய பேச்சைக் கேட்டு இப்படி மாறினான்?

கடைசியில் லெப்டொப்பைத் திருத்துகிற கடைக்குக் கொண்டுபோவது என்று துணிந்தேன். டவுனில் ரேடியோவும் டி.வி.யும் திருத்துகிற சிங்கள ஐயா ஒருவர், மாத்தயா என்றுதான் கூப்பிடுவோம், நாற்பத்தைந்து வயதிருக்கும், கம்பியூட்டரும் பார்ப்பதாகச் சொன்னார்கள். மில்லில் கூட வேலை செய்கிற ஒருத்தி என்னைப் பயமுறுத்தினாள். "அக்கா, சும்மா குடுத்துட்டு வந்திராதீங்க. உள்ள இருக்கிற நல்ல சாமானைக் கழட்டிட்டு ஓட்டை சாமானைப் போட்டுருவாங்க."

எனக்கு அது புதுசில்லை. எங்கள் மில்லுக்கு மிளகாய் அரைக்க வருகிறவர்கள், நாங்கள் எடுத்துவிடுவோம் என்று பையில் தங்களுடைய முடிச்சைப் போட்டுத்தான் தருவார்கள். நானும் ஒரு முடிச்சுப் போட்டேன். லெப்டொப்பின் அடியில் இருந்த ஒவ்வொரு ஸ்குரூவின் தலையிலும், ஈர்க்குக்குச்சியால் கடுகளவு குங்குமம் வைத்தேன். கழட்டினால் அழிந்துவிடும், எனக்குத் தெரிந்துவிடும். அதற்கு முன்பே வெளியில் இருந்த திருநீற்றை ஈரத் துணியால் சுத்தமாகத் துடைத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஆமிக்காரர்கள் பை சோதிப்பார்கள். தமிழ் பொம்பிளை கையில் ஒரு மிஷின், அதில் ஏதோ பூசியிருக்கிறது என்றால், அந்தக் காலத்தில் அது போதும்.

கடைக்காரரிடம் சிங்களத்தில் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் பேச்சைத் தமிழிலேயே எழுதுகிறேன். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். போனேன்.

"ஒரு பிழையும் இல்ல அம்மே. போட்டுப் பார்த்தேன், பாட்டு ஓடுது, படம் ஓடுது. டிரைவரையும் பார்த்தேன். டிரைவர் நல்லா இருக்கு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டிரைவர் வீட்டில் படுத்திருக்கிறார். இந்த ஆள் எங்கே போய்ப் பார்த்தார்? எங்கள் வீட்டுக் கதை இவருக்கு யார் சொன்னது? கேட்க வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டு வந்து, பஸ்சுக்குள் மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன். குங்குமப் பொட்டு ஒன்றும் அழியவில்லை. ஆள் திறக்கவே இல்லை. திறந்து பார்க்காமலேயே பிழையில்லை என்கிறார்!

கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் ஒரு சின்னச் சந்தோசமும் வந்தது. அப்படியானால் மிஷின் இன்னும் பழுதாக இருக்கலாம்.

இவரைக் கடைக்குக் கூட்டிப்போய் ஓட்டவிடலாம் என்று யோசித்தேன். ஆனால் அங்கே நாலு பேர் முன்னால் இவர் "கிழியுது" என்று சொல்லி, மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால்? அதற்குப் பிறகு இவரை எழுப்ப முடியாது. அதனால் அடுத்த நாள் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன்.

"மாத்தயா, நான் இங்க இருந்து கேம் விளையாடிப் பார்க்கணும்" என்றேன்.

அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார். "அம்மேயா?"

"நான்தான்."

சிரித்துக்கொண்டே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். கடையில் ரைஸ் குக்கரோடு ஒரு சிங்களப் பொம்பிளை நின்றார். முடியை ஒட்ட வெட்டிய ஒரு இளைஞர் போன் திருத்தக் காத்துக்கொண்டிருந்தார். என் கல்யாணத்தன்றைக்கு அப்புறம் அத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது அன்றைக்குத்தான். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, இவர் செய்வதைப் பார்த்திருந்த மாதிரியே பட்டனை அமுக்கினேன். லொரி நேராகப் போய் ஆற்றில் விழுந்தது.

"அம்மே, லைசன் இருக்கா?" என்றார் கடைக்காரர்.

மறுபடியும் எடுத்தேன். மதிலில் மோதினேன். வயலுக்குள் இறக்கினேன். ரைஸ் குக்கர் பொம்பிளைக்குப் பொறுக்கவில்லை. "இடது பக்கம்! ஐயோ, இடது பக்கம்!" என்று என் தோளைத் தட்டித் தட்டி வழி சொன்னார். எனக்கு வேர்த்து ஒழுகியது. பத்து நிமிசம், இருபது நிமிசம். ரோடு முழுசாகவே இருந்தது. முழுசாக இருக்க இருக்க எனக்குள் ஏதோ இறங்கிக்கொண்டே போனது. கண்டிக் கடிதம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

அப்போது ஒரு மரம் ஊசி மாதிரி நீண்டது.

நான் பட்டனிலிருந்து கையை எடுக்கவில்லை. இன்னொரு மரமும் நீண்டது. சிவப்பும் பச்சையுமாகக் கடுகு கொட்டியது. பிறகு, என் கண் முன்னாலேயே, ரோடு நடுவில் பிய்ந்து இரண்டு பக்கமும் சரிந்தது.

"கிழியுது! கிழியுது!" என்று தமிழில் கத்திக்கொண்டு எழும்பிவிட்டேன். ஸ்டூல் விழுந்தது. பழுதான மிஷினைப் பார்த்து ஒருத்தி கும்பிட்டு அழுகிறதைக் கண்டு, எல்லோரும் எனக்குப் பைத்தியம் என்றே எண்ணியிருப்பார்கள்.

கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தார். லெப்டொப்பின் அடியில் கை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார். "தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது" என்று நிறுத்திவிட்டு, ஸ்குரூ டிரைவரை எடுத்தார். எடுத்தவர் என்னைப் பார்த்தார்.

"இப்ப திறக்கலாமா அம்மே? இந்தச் சிவப்புப் பொட்டு வச்சது நீங்கதானே? முதல் நாளே கண்டேன். அதனாலதான் திறக்கல. திறந்தா நான் களவெடுத்தேன்னு சொல்லுவீங்கன்னு பயம்."

எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

திறந்தார். உள்ளே ஒரு சின்ன விசிறி. அதைச் சுற்றியும் அதற்குப் பக்கத்தில் சீப்புப் பல் மாதிரி இருந்த தகட்டிலும், வெள்ளையாக, கெட்டியாக, அடை அடையாக ஏதோ இறுகிக் கிடந்தது. அவர் நுனியால் சுரண்டி ஒரு காகிதத்தில் கொட்டினார். கொட்டக் கொட்ட வந்தது.

"இது என்ன அம்மே?"

எனக்குத் தெரிந்த சிங்களம் மில்லில் கற்றது. அங்கே மிளகாய்த் தூள் மிரிஸ் குடு, மஞ்சள் தூள் கஹ குடு. தூள் எல்லாமே குடுதான். "குடு, மாத்தயா" என்றேன். "நான்தான் போட்டேன். தினமும் போடுவேன்."

ரைஸ் குக்கர் பொம்பிளை இரண்டு அடி பின்னால் போனார். குடு என்று தனியாகச் சொன்னால் டவுனில் அதற்கு வேறு அர்த்தம், ஆட்களை நாசமாக்குகிற போதைத் தூள் என்று எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. முடி வெட்டின இளைஞர் பக்கத்தில் வந்தார். ஆமிக்காரர், லீவில் வந்தவராம். என்னிடம் அடையாள அட்டையைக் கேட்டார். தமிழ்ப் பேர். அதைப் படித்துவிட்டு வெள்ளைத் தூளைப் பார்த்தார், பிறகு வயர்களைப் பார்த்தார். அவர் மனசில் போதைத் தூளைவிடப் பெரிய சந்தேகம், வெடிமருந்தோ என்று, ஓடுவது எனக்குத் தெரிந்தது. "யார் தந்தது? எதுக்கு மிஷினுக்குள்ள வச்ச?" என்று கேட்டார். எனக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சிங்களமும் ஓடிப்போனது.

வேறு என்ன செய்வது? காகிதத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தேன். நெற்றியில் மூன்று விரலால் இழுத்தேன். மிச்சத்தை வாயில் போட்டு விழுங்கினேன்.

"ஆ!" என்று கடைக்காரர் மேசையில் தட்டினார். "குடு நெமேய்! அளு! கோயில்ல தாற அளு!"

நெமேய் என்றால் இல்லை, அளு என்றால் சாம்பல். அந்தச் சொல்லும் எனக்குத் தெரியும். அடுப்புச் சாம்பலுக்குச் சொல்லுவோம். ஆனால் திருநீற்றைச் சாம்பல் என்று நினைத்தே பழக்கமில்லாததால், அது வாயில் வரவே இல்லை.

ஆமிக்காரர் ஒரு விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். அட்டையைத் திருப்பித் தந்தார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே போகும்போது, அந்த விரலை மறுபடியும் ஒரு தரம் முகர்ந்துகொண்டே போனதைக் கண்டேன்.

அதற்குப் பிறகு கடைக்காரர் விளக்கினார். நான் பூசுகிற இடம்தான் அது காற்று இழுக்கிற வாய். சாமி ஏற்றுக்கொண்டதாக நான் கன்னத்தில் போட்டுக்கொண்ட திருநீறெல்லாம் விசிறி இழுத்து உள்ளே போயிருக்கிறது. அடியில் தலையணை வேறு வைத்து மூச்சை அடைத்திருக்கிறேன். பாட்டு, படம் என்றால் அவ்வளவு வேலை இல்லையாம். கேம் என்றால் படம் வரைகிற பகுதிக்குப் பெரிய வேலையாம், கொதித்துப்போய் கன்னாபின்னா என்று வரைகிறதாம். அதுதான் ரோடு கிழிகிறது.

பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாகத் துடைத்தார். பிறகு பற்பசை மாதிரி வெள்ளையாக ஒன்றை எடுத்து உள்ளே பூசினார். எனக்கு உடனே மறுபடியும் சந்தேகம். "அது என்ன மாத்தயா?"

"இதுவா? இது எங்கள மாதிரி திருத்துறவங்களோட விபூதி" என்றார். கடை சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். சூட்டை இழுத்து வெளியே அனுப்புகிற பசையாம்.

அந்தத் தைரியத்தில்தான் கேட்டேன். "அன்னைக்கு டிரைவர் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே, யாரைச் சொன்னீங்க?"

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். லெப்டொப்புக்கு உள்ளேயும் டிரைவர் என்று ஒன்று இருக்கிறதாம். ஆள் இல்லை, கையால் தொடுகிற சாமானும் இல்லை. இப்படி வரை, அப்படி வரை என்று மிஷினுக்குச் சொல்லிக்கொடுக்கிற எழுத்து. அது பழசானாலும் படம் கிழியுமாம், புதுசு போட்டால் சரியாகுமாம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். மகனுடைய குரல் காதில் திரும்ப ஓடியது. போன ஞாயிறு எடுக்காமல் விட்ட போன் அடித்ததும் ஓடியது.

புறப்படும்போது கடைக்காரர் ஒரு பொட்டலத்தை நீட்டினார். விசிறியிலிருந்து எடுத்த திருநீறு, அழகாக மடித்து. "சாமி சாமான். குப்பையில போட எனக்கு மனசு வரல" என்றார். இந்த மனுசனுக்குத்தான் நான் ஒவ்வொரு ஸ்குரூவிலும் பொட்டு வைத்து அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்தேன். இவர் சுவரைப் பார்த்தபடிதான் இருந்தார்.

"என்னங்க, டிரைவர் நல்லா இருக்காராம்" என்றேன்.

திரும்பவில்லை. "யார் சொன்னா?"

"திருத்துறவரு. மகன் சொன்னது உங்கள இல்ல. மிஷினுக்குள்ள டிரைவர்னு ஒண்ணு இருக்காம், அதைத்தான் பழசாயிருச்சின்னு சொல்லியிருக்கான். அதுவும் பழசாகலையாம். ரோடு கிழிஞ்சத நானும் என் ரெண்டு கண்ணால பார்த்தேன். உங்க தலைக்கு ஒண்ணும் இல்ல."

மெதுவாகத் திரும்பினார். "நீ பார்த்தியா?"

"பார்த்தேன். மரம் ஊசியா நீண்டிச்சி. கடுகு கொட்டிச்சி."

அவர் கண் நிறைந்துவிட்டது. பிறகு, "அப்ப என்னதான் கோளாறு?" என்றார்.

"நான்தாங்க" என்று பொட்டலத்தைப் பிரித்து முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோணின வாய் இன்னும் கோணி, ஒரு சிரிப்பு வந்தது. பாரிசவாதம் வந்த பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

"முப்பது வருசம் லொரி ஓட்டியிருக்கேன். ரேடியேட்டருக்குள்ள திருநீறு கொட்டினவள இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

போர்வைக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்தது. பொட்டலத்தைத் தொட்டது. மடங்கின விரலை விரித்து ஒரு சிட்டிகை எடுத்துத் தன் நெற்றியில் தானே பூசிக்கொண்டார். பிறகு, "எங்க என் லொரி?" என்றார். தலையணையைத் தூக்கிப் போட்டுவிட்டு, கால் வைத்த ரொட்டிப் பலகையை மடிக்குக் குறுக்கே வைத்துக் கொடுத்தேன். ஒரு மணித்தியாலம் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். ரோடு கிழியவில்லை. அந்த ஞாயிறு போன் ஒரு தரம் அடிக்கிறதுக்குள் எடுத்துவிட்டேன். என்னம்மா, போன வாரம் எடுக்கலியே என்று மகன் கேட்டதற்கு, மில்லில் வேலை அதிகம் என்று பொய் சொன்னேன். கலேவெலக்கும் ஒரு போன் எடுத்து, சும்மாதான் எடுத்தேன் என்று நாத்தனாரிடம் சொன்னேன். அவளுக்கு என்னவென்று இன்றைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு நாலு வருசம் அவர் அந்த லொரியை ஓட்டினார். பொத்தானைத் தானே போட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பொட்டலம் இன்னும் என் சாமித்தட்டில் இருக்கிறது. இப்போதும் எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை, அது கூடப்பிறந்தது. ஆனால் யார் மேலாவது அது எழும்பும்போது, முதலில் என் கையைத் திருப்பி, விரல் நுனியில் வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.